பதினாலாம் நம்பர் குடிசையின் ஆயுதங்கள்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை எனக்கு உதித்ததல்ல. என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்தது. நான் செய்ததெல்லாம், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் திறந்ததும், திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டதும்தான்.

தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ராமசந்திரன் ஜனவரியில் வீட்டுக்கு வந்தார். மார்ச் பன்னிரண்டாம் தேதி மொரீஷியஸ் சுதந்திரம் அடைகிறது, சங்கம் ஒரு மலர் போடுகிறது என்றார். "டீச்சரம்மா, சுதந்திரத்தைப் பத்தி நல்லதா ஒரு கதை. கொடி, தியாகம், அந்த மாதிரி." சரி என்று சொல்லிவிட்டேன். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்வது எனக்கு மாயவரத்திலிருந்தே உள்ள வியாதி. ஆனால் என் கையில் இருந்தது விருந்தில் ஊறவைத்த ஆலிவ் காயைக் குத்தி எடுக்கும் குச்சிகளைப் பற்றிய கதை. அதில் கொடி ஏற்ற ஒரு கம்பம்கூட இல்லை.

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

மொரீஷியஸ் தீவின் வரலாற்றில் அது ஓர் இருண்ட

(அடித்தேன். அந்தக் காலத்தில் இருந்தவர்களைக் கேட்டால், அந்த வருஷம் மாம்பழம் நன்றாகக் காய்த்தது என்கிறார்கள்.)

இரண்டாவது:

அந்த வெள்ளி வேல்களுக்கு மட்டும் வாய் இருந்திருந்தால்

(இதையும் அடித்தேன். வாய் உள்ளவர்கள் பேசியே முப்பது வருஷம் ஒன்றும் நடக்கவில்லை.)

மூன்றாவது: நாகலிங்கம் நல்லவர், ஆனால் பொருள் சேர்ப்பவர்.

இது நிற்கட்டும். பொய்யில்லை.*

* நாகலிங்கம் என் வீட்டுக்காரரின் பெயர் அல்ல. கட்டியவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். கையால் எழுதலாமா என்று யாரும் சொல்லித்தரவில்லை. எதற்கு வம்பு என்று ஓர் இரவல் பெயர். கதையைப் படித்துவிட்டு அவர், "இந்த நாகலிங்கம் யாரு, கொஞ்சம் அசடா இருக்காரே" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

2

நாகலிங்கம் இங்கே பிறந்தவர். சென்னைக்குப் படிக்க வந்த இடத்தில் என்னைப் பார்த்து, ஐம்பத்தாறில் கப்பலேற்றிக் கூட்டி வந்தார். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் குமாஸ்தா. எங்கள் வீடு வக்குவாவில். வாரத்தில் ஐந்து நாள் பஸ், கோப்பு, பஸ். சனிக்கிழமை வந்தால் மனுஷர் முகமே வேறு. எந்தப் பெரிய வீட்டில் லாங்கான் என்று செய்தித்தாளில் வட்டம் போட்டு வைத்திருப்பார். ஏலத்துக்கு இங்கே லாங்கான் என்றுதான் பெயர்.

அவருக்கு மேசை நாற்காலி வேண்டாம். சின்னச் சாமான்கள்தான். வெள்ளிக் கரண்டி, சர்க்கரை எடுக்கும் இடுக்கி, மூக்குப்பொடி டப்பி, பிடி உடைந்த பூதக்கண்ணாடி, யாரோ ஒரு கப்பல் தலைவனின் பொத்தான்கள், யுத்தப் பதக்கங்கள். கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு பொருளுக்கும் நூலில் கட்டிய சிறு சீட்டு: எந்த வீடு, எந்தத் தேதி, அதற்கு முன் யாருடையது. பொருளைவிட அந்தச் சீட்டில்தான் அவருக்கு உயிர். "சீட்டு இல்லாத வெள்ளி வெறும் வெள்ளி" என்பார். நான், "சீட்டு இருந்தாலும் துடைக்கிறது யார்?" என்பேன்.

(நியாயமாகச் சொன்னால் துடைப்பதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியனோடு உட்கார்ந்து, பூஜை மாடத்து விபூதியை எடுத்து, ஈரத்துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். வெள்ளிக்கு விபூதிதான் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. பழைய வெள்ளியைப் பளபளப்பாக்குவது பாவம் என்று போர்ட் லூயிஸில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் மதாம் ஜெரால்டின் சொல்லுவாள். விபூதியே பாவம் போக்கத்தான் என்று இவர் பதில் சொல்லுவார்.)

அவரை வாட்டிய பொருள்கள் மூன்று. மூன்றும் இரண்டாவது உலக யுத்தத்துப் பதக்கங்கள். முதல் யுத்தத்துப் பதக்கமென்றால் விளிம்பில் ஆளின் பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும். இரண்டாவது யுத்தத்தில் எகிப்துப் பக்கம் போய் மூட்டை தூக்கிப் பாலம் கட்டிய நம் பையன்களுக்குக் கொடுத்ததில் ஒரு எழுத்தும் இல்லை. அந்த மூன்றுக்கும் அவர் எழுதியிருந்த சீட்டு ஒன்றுதான்: "யாருடையதோ." அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார். இந்தப் பெருமூச்சு இல்லாவிட்டால் கதையே இல்லை, அதனால் சொல்லி வைக்கிறேன்.

3

போன அக்டோபரில் மோகாவில் ஒரு வீடு. சுதந்திரம் வந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, மெஸ்யே இவ் என்ற வெள்ளைக்காரரின் குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவருடைய அப்பா ஒரு கரும்புத் தோட்டத்தில் மேலாளராக இருந்தவர். எந்தத் தோட்டம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் ராமசந்திரன் அடித்துவிடுவார்.

வராந்தாவில் ஏலம். க்ளோட் என்ற ஏலக்காரர் மர ஏணியின் இரண்டாவது படியில் நின்றுகொண்டு, கையில் சுத்தியலோடு, வியர்க்க வியர்க்கக் கூவினார். கரண்டிகள் போயின. குதிரைச் சேணம் போயிற்று. பிறகு பச்சை வெல்வெட் வைத்த ஒரு தட்டைப் பெட்டி.

"நாற்பத்தேழாம் நம்பர். ஆலிவ் காய் குத்தும் குச்சி, பன்னிரண்டு. வெள்ளி. உள்ளூர் வேலை, முத்திரை கிடையாது. யார் வீட்டில் விருந்து?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். விரல் நீளம். நுனியில் அரசிலை போல ஒரு தலை. தலைக்குக் கீழே மூன்று கோடுகள்.

ஏலத்தில் முதல் விதி, முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. பதினொரு வருஷமாக இவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். நான் என்ன செய்தேன்?

"முருகா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

அவை அலகு வேல்கள். தைப்பூசக் காவடிக்கு நாக்கில் குத்திக்கொள்கிற சின்ன வேல்கள். பன்னிரண்டும் வரிசையாக, ஊறுகாய்த் தண்ணீர் வாசனையோடு, வெல்வெட்டில் படுத்திருந்தன. முத்திரை இல்லாத வெள்ளியைத் திரும்பியும் பார்க்காத மதாம் ஜெரால்டின், என் "முருகா"வைக் கேட்டதும் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். அப்புறம் என்ன, அவள் ஒரு விரல், இவர் ஒரு பென்சில் என்று தூக்கத் தூக்க விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஐம்பதில் முடிய வேண்டியது நூற்றெண்பதில் நின்றது. ஒரு தரம், இரண்டு தரம், சுத்தியல்.

பஸ்ஸில் வரும்போது கேட்டார்: "முருகனைக் கூப்பிட உனக்கு வேற நேரம் கிடைக்கலையா?"

"கூப்பிட்டேன், வந்தாரே."

"வந்தார். நூத்திமுப்பது ரூபாயைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தார்."

ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தார். மடியில் பெட்டி. பெட்டிக்குள், வேல்களைவிட அவருக்குப் பெரிய புதையல் ஒன்று கிடைத்திருந்தது. கிளம்பும் முன் வழக்கம்போல அந்த வீட்டுக்கார மெஸ்யேவிடம் போய், இது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே மூடியின் உள்பக்கத்தைக் காட்டினாராம். "அப்பா கொண்டுவந்தது. முப்பத்தேழு கலவரத்தில் கைப்பற்றிய ஈட்டிகள் என்றார். அம்மா பார்த்துவிட்டு, இது ஆலிவுக்குத்தான் உதவும் என்று சொல்லிவிட்டாள்."

மூடிக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அப்பாவின் கையெழுத்து, பிரெஞ்சில்: "கூலிகளிடம் கைப்பற்றிய ஆயுதங்கள். பன்னிரண்டு. குடிசை எண் 14. 9 செப்டம்பர் 1937."

 விரல் நீள ஆயுதம். இதைக் கொண்டு யாரைக் குத்துவது? முருக பக்தன் தன்னைத்தானே குத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் தோட்டத்தில் வேலைநிறுத்தம், எங்கும் புரளி, பயந்த மனிதன் கண்ணுக்கு ஊக்கு ஊசியும் ஈட்டிதான். அந்த மேலாளரை நான் கொடியவராக எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. காவடி என்றால் என்ன என்று தெரியாமலே நம் ஆட்களுக்கு நடுவில் நாற்பது வருஷம் இருந்தவர், அவ்வளவுதான்.

4

சீட்டு எழுத உட்கார்ந்தார் நாகலிங்கம். வீடு: மோகா. அதற்கு முன்: குடிசை எண் 14. அதற்கு முன்: பேனா நின்றுவிட்டது.

"யாருடையதோன்னு எழுதிடுங்க" என்றேன்.

"மூணு பதக்கத்துக்கு எழுதினது போதும். இதுக்குக் கண்டுபிடிக்கலாம். நம்பர் இருக்கு, தேதி இருக்கு. நீ உன் மார்க்கெட்டுல கொஞ்சம் விசாரி."

கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவேயில்லை. உடைமைக்காரன் கிடைத்தால் பொருள் அவனுக்குப் போகும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டுப் பெட்டியைத் திறப்பார். விபூதி போட்டுத் தேய்த்ததில் பன்னிரண்டும் நிலா மாதிரி இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, அதே வரிசையில் வைப்பார். பிறகுதான் டீ. அந்தக் கால் மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்த பகுதியில் நான் செய்த காரியத்துக்குக் காரணம் இதுதான்.

5

(இந்தப் பகுதியை நாகலிங்கம் இன்னும் படிக்கவில்லை. முன்பு காட்டிய பிரதியில் இதை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். மலர் அச்சாகி வந்ததும் படிப்பார். அன்றைக்கு நான் கோயிலுக்குப் போய்விடுவதாக உத்தேசம்.)

வக்குவா மார்க்கெட்டில் எனக்குக் கீரை கொடுக்கிற கோவிந்தம்மா அந்தத் தோட்டத்துக்காரி. அவளிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "உங்க பக்கம் பதினாலாம் நம்பர் குடிசையில அந்தக் காலத்துல யார் இருந்தாங்க?"

கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாங்கதான் டீச்சர். ஏன்?"

அவள் சொன்னதை என் தமிழில் தருகிறேன். அவள் பேசியது பாதி கிரியோல், கால் தமிழ், மீதி கை. அவளுடைய புருஷன் ஐயாசாமி. அந்தக் குடியிருப்பில் பன்னிரண்டு ஆண்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி ரூபாய் போட்டு, ஆசாரியிடம் கொடுத்து உருக்கி, பன்னிரண்டு வேல் செய்தார்கள். வேல்களைப் பத்திரமாக வைத்திருப்பதும், தைப்பூசத்தன்று ஒவ்வொருவர் நாக்கிலும் குத்திவிடுவதும் ஐயாசாமியின் பொறுப்பு. அவர் கை பட்டால் வலிக்காது, ரத்தம் வராது என்று பேர்.

வேலைநிறுத்தத்தின்போது ஒரு நாள் எல்லோரும் கூட்டத்துக்குப் போயிருக்க, ஐயாசாமி மட்டும் காய்ச்சலில் படுத்திருந்தார். மேலாளர் இரண்டு ஆட்களோடு வந்து தகரப் பெட்டியைத் திறந்து வேல்களை எடுத்துக்கொண்டு போனார். மற்றக் குடிசைகளுக்குள் நுழையவேயில்லை. பன்னிரண்டு ஈட்டி ஒரே இடத்தில் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார் போலிருக்கிறது. பார்த்த சாட்சி ஒருவருமில்லை. அதே வாரம் ஐயாசாமி போர்ட் லூயிஸ் போய் அரை மூட்டை அரிசியோடு வந்தார்.

"என் தோட்டை வித்த அரிசி டீச்சர். என் காதைப் பாருங்க. ஆனா எங்க அண்ணன் வீரசாமி என்ன சொன்னாரு தெரியுமா? முருகன் வேலை வித்து அரிசி வாங்கினவன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. நான் தோட்டைச் சொன்னா, நீ அவன் பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவேங்கறாரு. அந்த அரிசியில எங்க அண்ணன் பிள்ளைங்களும்தான் சாப்பிட்டுச்சு."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதிலிருந்து வீரசாமி தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஐயாசாமி யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரே வார்த்தை: மோ பா தி வான்தே. நான் விற்கவில்லை. மறு வருஷம் தைப்பூசத்துக்குப் புது இரும்பு ஊசிகள் வந்தன, குத்துவதற்குப் பூசாரி வந்தார்.

"முப்பது வருஷமா அவர் முன்னால ஒருத்தரும் நாக்கை நீட்டலை டீச்சர்" என்றாள் கோவிந்தம்மா. "அதுதான் அவருக்கு."

நான் கீரைக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மார்க்கெட்டுல யாருக்காவது தெரிஞ்சுதா?"

"கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

மூன்று வாரம் அப்படியே சொன்னேன். முப்பது வருஷத்தோடு என் பங்கு மூன்று வாரம். நியாயம் சொல்ல வரவில்லை. கால் மணி நேரச் சந்தோஷத்தைப் பறிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்த மூன்று வாரமும் கீரை வேறு கடையில் வாங்கினேன். அங்கே நன்றாகவும் இல்லை.

6

நான்காவது ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மாவையும் ஐயாசாமியையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஐயாசாமி வேல்களைப் பார்த்து அழுகிறார். இன்னொன்றில் விழுந்து கும்பிடுகிறார். உண்மையில் அவர் வேல்களைச் சரியாகப் பார்க்கவேயில்லை. ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை எட்டிப் பார்த்து, "வீ, ஆமா, இதுதான்" என்றார். பிறகு மூடியில் இருந்த காகிதத்தைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

நாகலிங்கம் படித்தார்.

"இன்னொரு தரம்."

படித்தார்.

"குடிசை நம்பரை மட்டும்."

"பதினாலு."

"தேதி?"

"ஒன்பது செப்டம்பர் முப்பத்தேழு."

"வியாழக்கிழமை" என்றார் ஐயாசாமி. பிறகு பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தேன், வியாழக்கிழமைதான்.

மூடியைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு நாகலிங்கத்தைப் பார்த்து, "வேலை நீங்களே வெச்சுக்குங்க மெஸ்யே. காசு குடுத்து வாங்கினது. எனக்கு அந்தக் காகிதம் மட்டும் குடுங்க" என்றார்.

பொருள் சேர்க்கிறவர்களைத் தெரியாதவர்களுக்கு இந்த இடம் புரியாது. வேல்களைக் கேட்டிருந்தால் இவர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பார். மனசுக்குள் அதற்குத் தயாராகத்தான் இருந்தார் என்று பிறகு சொன்னார். காகிதத்தைக் கேட்டதும் ஆள் ஆடிப்போய்விட்டார்.

"வேல் எல்லாத்தையும் எடுத்துக்குங்க பெரியவரே. காகிதம் மட்டும்… நான் பார்த்து எழுதி ஒரு பிரதி தரேன். கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"உங்க கையெழுத்தை வெச்சு நான் என்ன செய்வேன்?" என்றார் ஐயாசாமி, மரியாதையாகத்தான். "அந்த ஆளு கையெழுத்து வேணும்."

நான் இவரைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எழுதப்போவதில்லை, கல்யாணமானவர்களுக்குத் தெரியும். எழுந்து போய்க் கத்தியைக் கொண்டுவந்து, கெட்டில் ஆவியில் காகிதத்தை நனைத்து, ஓரம் கிழியாமல், ஒரு கிழவனின் தோலை உரிப்பது போல் மெதுவாகப் பிரித்தார். முடித்ததும் இரண்டு கையாலும் கொடுத்தார். பெட்டியையும் கொடுத்தார். "இதுவும் உங்களோடதுதான். காகிதம் இல்லாம இது எனக்கு எதுக்கு?"

அவர்கள் போன பிறகு இவர் வெகு நேரம் அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். "நல்ல சீட்டு எழுதியிருக்கலாம்" என்றார். அப்புறம், "பரவாயில்லை" என்றார். அன்றைக்கு எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

7

இப்போது வீரசாமி. எல்லாக் கதைக்கும் ஒரு வில்லன் வேண்டுமே. நான் அவரை முதலில் இப்படித் தொடங்கினேன்:

முறுக்கிய மீசையும் சிவந்த கண்களுமாக வீரசாமி

(அடித்தேன். கோவிந்தம்மாவோடு அவர் வீட்டுக்கு நான் போனேன். மீசையே இல்லை. வாத்து வளர்க்கிறார். ஒவ்வொரு வாத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார். வாசலில் தங்கையைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். இந்த மனிதரை எப்படி வில்லனாக்குவது?)

கோவிந்தம்மா காகிதத்தை நீட்டினாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன், பிரெஞ்சிலும் தமிழிலும். அவர் காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பி, முன்பக்கம் திருப்பி, மடிக்காமல் திரும்பக் கொடுத்தார்.

"வாத்து முட்டை கொண்டு போறியா?" என்று தங்கையைக் கேட்டார்.

அவ்வளவுதான். அரை டஜன் முட்டையோடு திரும்பினோம். பஸ்ஸில் கோவிந்தம்மா முட்டைகளை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து, வீரசாமி மன்னிப்புக் கேட்கிற காட்சியை ஐந்து பக்கம் எழுதினேன். "மச்சான், என் நாக்கு அழுகிப்போகட்டும்" என்றெல்லாம் வசனம். நன்றாகத்தான் வந்தது. கண்ணீர்கூட வந்தது, எனக்கு.

ஐயாசாமிக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லா இருக்கு டீச்சர். ஆனா அவன் சொல்லலையே" என்றார். "சொல்லாததைச் சொன்னதா எழுதினா, அவன் எனக்குப் பண்ணினதையே நான் அவனுக்குப் பண்ணின மாதிரி ஆயிடும்."

ஐந்து பக்கத்தையும் கிழித்தேன். இந்த நாட்டில் எழுத்தாளராக இருப்பது கஷ்டம்.

8

முடிவுக்கு வந்துவிட்டேன். முடிவுகள் என்று சொல்ல வேண்டும்.

முதல் முடிவு, ராமசந்திரனுக்குப் பிடித்தது: வேல்களைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். மாலை, புகைப்படம், சங்கத் தலைவர் சொற்பொழிவு. பின்னணியில் புதுக்கொடி. (கொடி எப்படியாவது வந்துவிடும் என்று சொன்னேனா இல்லையா? சொல்லவில்லை. இப்போது வந்துவிட்டது. அடித்துவிடுகிறேன்.)

இரண்டாவது முடிவு, மதாம் ஜெரால்டினுக்குப் பிடித்தது: ஐயாசாமி பெட்டியை அவள் கடைக்குக் கொண்டுவருகிறார். அவள் நல்ல விலை தருகிறாள். (உண்மையாகவே கேட்டு அனுப்பினாள். கோவிந்தம்மா சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.)

மூன்றாவது முடிவு, நான் பார்த்தது. இந்த மாதம் தைப்பூசம். காலையில் ஆற்றங்கரையில் காவடிகள் வரிசையாக வைத்திருந்தன. ரோஜா நிறத் துணி, பூ, எலுமிச்சம்பழம், கற்பூரப் புகை. பத்து நாள் விரதம் இருந்தவர்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு ஒவ்வொருவராக வந்து பூசாரி முன்னால் நின்று நாக்கை நீட்டினார்கள். ஊசி ஏறியதும் மௌனம். கோயிலுக்குப் போய் அதை எடுக்கும்வரை பேச்சில்லை.

ஐயாசாமியும் வந்திருந்தார். கோவிந்தம்மா விடவில்லை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு மாமரத்தடியில் நின்றார். காலடியில் வாழை இலை. இலைமேல் பன்னிரண்டு வேல்கள், மஞ்சள் நீரில் கழுவி. ஆலிவ் காயைக் குத்தின வேல் சாமிக்கு ஆகுமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆலிவும் நாக்குக்குத்தானே போயிற்று என்று நான் சொன்னேன். இவர் என் கையை அமுக்கினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பூசாரி பக்கம் வரிசை நீண்டது. மாமரத்தடிக்கு யாரும் வரவில்லை. சின்னப் பையன்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. தெரிந்த கிழவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நாகலிங்கம் என் காதில், "நானே போய் நாக்கை நீட்டட்டுமா? விரதம் இல்லையே" என்றார். ஐயாசாமி இலையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தார். கோவிந்தம்மா புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. வந்ததை எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்போது ஆற்றிலிருந்து ஒருவர் ஏறி வந்தார். ரோஜா நிற வேட்டி ஒட்டிக்கொண்டு நீர் சொட்டியது. தோளில் காவடி. முப்பது வருஷமாக அலகு போடாத வீரசாமி. பூசாரி வரிசையைத் தாண்டினார். வழியில் யாரோ, "இங்கே, இங்கே" என்று கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. மாமரத்தடியில் ஐயாசாமிக்கு நேர் எதிரில் வந்து நின்றார். ஒரு வார்த்தையாவது சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அலகு ஏறிவிட்டால் அப்புறம் முடியாதே, இப்போது சொன்னால்தான் உண்டு.

சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார்.

ஐயாசாமி குனிந்து இலையிலிருந்து ஒரு வேலை எடுத்தார்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுகிறேன். அப்புறம் நடந்தது எனக்குத் தெரியும், ஆற்றங்கரையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று ஐயாசாமி சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். முப்பது வருஷம் பேசிய நாக்கு வெயிலில் நீண்டிருக்கிறது. வேலை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். அவரை எவ்வளவு நேரம் அப்படியே நிற்கவைப்பது என்பதை இனி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.